இருநூற்று ஐம்பத்திரண்டு பாகை

1

டேனிஷ் மொழியில் ஐம்பதை ‘ஹல்ட்ரெஸ்’ என்பார்கள். எழுபதை ‘ஹல்ஃபியர்ஸ்’ என்பார்கள். இருபதுகளில் இரண்டரை, இருபதுகளில் மூன்றரை என்று பொருள். புதிதாக வந்தவர்களுக்கான மொழி வகுப்பில் இதைக் கேட்டு எல்லோரும் சிரித்தோம். பரீட்சையில் சரியாக எழுதிச் சித்தியும் அடைந்தேன். ஆனால் வேகமான பேச்சில் அந்த இரண்டு சொற்களும் என் காதில் ஒன்றாகவே விழும். பத்து வருடத்துக்கு மேலாகியும் அந்தக் குறை தீரவில்லை. யாரிடமும் சொன்னதுமில்லை. யாராவது பஸ் இலக்கம் சொன்னால் தலையாட்டிவிட்டு, பிறகு பலகையைப் பார்த்துக்கொள்வேன்.

போன வாரம் மாத்தளையிலிருந்து பழைய சிநேகிதி ஒருத்தி எழுதியிருந்தாள். “ஒங்க வேலையப் பத்தி எழுதுங்க மகேஸ். காத்த அளக்குறதுல அப்படி என்னா இருக்கு?”

என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். இங்கே மேற்குக் கடற்கரையில் காற்றாலை நடுவதற்கு முன், அந்த இடத்தில் உயரமான ஒரு இரும்புக் கம்பத்தை நிறுத்தி, குறைந்தது ஒரு வருடம் காற்றை அளக்க வேண்டும். கம்பத்தின் பக்கவாட்டில் நீளும் கைகளில் வேகத்தை அளக்கச் சுழலும் கிண்ணங்களும், திசையை அளக்க ஒரு காற்றாடி வாலும் இருக்கும். எந்தத் திசையிலிருந்து எவ்வளவு காற்று வருகிறது என்பதை வைத்துத்தான் ஆலைகளை எந்த வரிசையில் நிறுத்துவது, முன்னால் நிற்பது பின்னால் நிற்பதன் காற்றைத் தின்றுவிடுமா, இரைச்சல் எந்த வீட்டுப் பக்கம் போகும் என்றெல்லாம் கணக்கிடுவார்கள். திசை பிசகினால் எல்லாமே பிசகும்.

நான் அந்த அளவுக் கம்பங்களை நடும் சிறிய கம்பனி ஒன்றில் தொழில்நுட்பவியலாளர். கண்டியில் படித்த மின்னியல் டிப்ளோமாவை இங்கே பாதிதான் ஏற்றுக்கொண்டார்கள். மீதியைத் திரும்பப் படித்து, பிள்ளையையும் பார்த்துக்கொண்டு, முப்பத்தெட்டாவது வயதில் கிடைத்த வேலை.

2

கம்பம் ஏறுவது யென்ஸ். அறுபதை நெருங்கும் மனிதர். பேச்சு குறைவு. நான் கீழே நின்று பதிவேட்டில் எழுதி, கம்பத்தடியில் உள்ள பதிவுப் பெட்டிக்குள் எண்களை ஏற்றுவேன்.

நான் சொல்லவரும் கம்பத்தை நட்ட அன்று கடலிலிருந்து காற்று பிய்த்தது. மணல் பறந்து கண்ணில் விழுந்தது. யென்ஸ் அறுபது மீற்றர் உயரத்தில் இடுப்புப் பட்டியில் தொங்கியபடி, காற்றாடி வால் பூட்டிய கை எந்தத் திசையை நோக்கி நிற்கிறது என்று கையடக்கத் திசைகாட்டியால் பார்த்து, நாங்கள் பேசிக்கொள்ளும் சிறு வானொலிக் கருவியில் எண்ணைச் சொன்னார். நான் எழுதினேன்: இருநூற்று எழுபத்திரண்டு பாகை. பெட்டிக்குள்ளும் அதையே ஏற்றினேன். அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் அடுத்த ஒரு வருடத்தின் ஒவ்வொரு காற்றுக்கும் திசை கணிக்கப்படும்.

கீழே நிற்பவர் கேட்ட எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. நான் ‘ஓகே’ என்றேன். எப்போதும் ‘ஓகே’தான். ஆரம்பத்தில் ஒருமுறை நான் ஒரு எண்ணைத் திருப்பிச் சொன்ன விதத்தைக் கேட்டு அலுவலகத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு வேலையிடத்தில் என் வாயால் ஒரு எண்ணையும் சொல்லாமல் சமாளிக்கப் பழகிக்கொண்டேன்.

இது எனக்குப் புதிய பழக்கமுமில்லை. என் பிறப்பைப் பதியப் போனபோது பதிவாளர் சிங்களத்தில் எதையோ கேட்க, அம்மா “ஆமாங்கய்யா” என்று தலையாட்டினாராம். மகேஸ்வரி, மகேசரி ஆனது அப்படித்தான். அந்தக் காணாமற்போன எழுத்துக்கு இங்குள்ள குடிவரவு அலுவலகத்தில் நான் எத்தனை கடிதம் கொடுத்திருப்பேன் என்பது எனக்குத்தான் தெரியும். அம்மாமேல் கோபப்பட்டிருக்கிறேன். புரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று.

3

ஒரு வருடம் முடிந்தது. கம்பத்தை இறக்கினோம். அந்தக் கோடையில் நானும் மகள் அனுஷாவும் ஊருக்குப் போனோம். தங்கை செல்வி தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தை விட்டு, பலாபத்வலயில் ஏ-ஒன்பது வீதியோரமாகச் சொந்த வீடு கட்டியிருந்தாள். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுவதாக ஏற்பாடு.

நான் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே அலுவலகத்தில் பிரச்சினை தொடங்கியிருந்தது. எங்கள் அளவீட்டை வாங்கியவர்கள் அதைப் பக்கத்துக் கலங்கரை விளக்கத்தின் அளவீட்டோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். காற்றின் திசை ஏறத்தாழ இருபது பாகை விலகியிருந்தது. கம்பம் இறக்கியாகிவிட்டது; ஏறித் திரும்ப அளக்க வழியில்லை. யென்ஸ் திசைகாட்டியை இரும்புக்கு மிகக் கிட்டப் பிடித்திருப்பார், முள் இழுபட்டிருக்கும் என்று முடிவுசெய்தார்கள். அப்படியானால் எவ்வளவு இழுபட்டது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ‘ஏறத்தாழ’ என்ற சொல்லை நம்பி யாரும் ஆலை நடமாட்டார்கள். ஒரு வருட அளவீடும் குப்பை.

யென்ஸ் தனக்கு அந்த எண் நினைவில்லை, ஆனால் சரியாகத்தான் படித்தேன் என்று மட்டும் சொன்னார். விசாரணை முடியும்வரை அவரைக் கம்பம் ஏற விடவில்லை. அவர் களஞ்சிய அறையில் கயிறுகளை எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நான் விமானம் ஏறினேன்.

புதன்கிழமை காலை செல்வி வீட்டில் இருக்கும்போது மேலாளர் கிர்ஸ்டனின் மின்னஞ்சல் வந்தது. கூடவே நான் கையெழுத்திட வேண்டிய ஒரு கூற்று. ‘மேலிருந்து எனக்குச் சொல்லப்பட்ட எண்ணையே நான் பதிவுசெய்தேன்.’ வியாழக்கிழமை டென்மார்க் நேரம் பகல் மூன்று மணிக்குள், அதாவது இங்கே மாலை ஆறரைக்குள், அனுப்ப வேண்டும். அதன் பிறகு யென்ஸின் வேலையைப் பற்றித் தீர்மானிப்பார்கள்.

உண்மையில் நான் அன்றே கையெழுத்திட்டிருப்பேன். அந்த வசனம் பொய் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

4

பகலில் விமானக் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்து, திரும்பும் பயணத்துக்கான பதிவு இலக்கத்தை டேனிஷில் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் படுத்துக்கொண்டு தன் தொலைபேசியை நோண்டிக்கொண்டிருந்த அனுஷா தலையை நிமிர்த்தினாள். பதினாறு வயது. வந்ததிலிருந்து நாலு வார்த்தைக்கு மேல் என்னோடு பேசியதில்லை. அவளுடைய தமிழில் யாழ்ப்பாணத்து அப்பாவின் ‘ஓம்’ பாதி, என் ‘ங்க’ பாதி.

“அம்மா, ஐம்பதுக்கு எழுபது சொல்றீங்க.”

“இல்லியே. சரியாத்தான் சொன்னேன்.”

“ஓம், நீங்க எப்பவும் அப்படித்தான். டீச்சர் மீட்டிங்லயும் சொன்னீங்க. கேக்குறதும் அப்படித்தான் கேப்பீங்க.” சொல்லிவிட்டுத் திரும்பவும் தொலைபேசிக்குள் போய்விட்டாள்.

தொலைபேசியைக் கீழே வைத்தேன். இருபது பாகை. இருபதுகளில் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே இருப்பதும் ஒரு இருபது.

டென்மார்க்கில் இருந்த கணவருக்கு அழைத்துச் சொன்னேன். அவருடைய அப்பா மாத்தளைக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்தவர். கேட்டதற்கு மேல் எதையும் எழுத்தில் கொடுக்காதே என்று வளர்ந்த வீடு. “இஞ்ச பாரும் மகேஸ்,” என்றார். “ஆர் உம்மட்டை இதைக் கேட்டது? உமக்கே நிச்சயம் இல்லை. நிரந்தர வதிவிடம் வரப்போற நேரம். வேலை போனா விண்ணப்பமும் போச்சு. கையெழுத்தை வைச்சுப்போட்டு அங்கால போம்.”

அவர் சொன்னது தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. நிச்சயம் இல்லைதான். அதைத்தான் பிடித்துக்கொண்டு மாலைவரை இருந்தேன். செல்வி வாசலுக்கு மாவிலை கட்ட என்னைக் கூப்பிட்டாள். கட்டிக்கொண்டே கேட்டாள்:

“என்னாக்கா, மொகமே சரியில்ல. அந்தக் கம்பத்து வேலையா? அன்னிக்கு வீடியோ அனுப்புனீங்களே, அந்தக் கம்பமா?”

நான் ஏணியிலிருந்து இறங்கிவிட்டேன். கம்பம் நட்ட அன்று வாகனத்தின் முன்பக்கத்தில் தொலைபேசியைச் சாய்த்து வைத்து, நான் வேலை செய்யும் இடத்தைப் பார் என்று அவளுக்காக ஒரு வீடியோ எடுத்திருந்தேன். என்னிடம் அது இல்லை. தொலைபேசி மாற்றும்போது போய்விட்டது.

“ஒங்கிட்ட இருக்கா செல்வி?”

“பழைய போன்ல இருந்திச்சு. எல்லாருக்கும் காட்டுவேன், எங்கக்கா வேல செய்யிற எடம்னு. அந்த போனு தொட்டித் தண்ணிக்குள்ள விழுந்திருச்சு. அலுமாரிக்குள்ளதான் போட்டு வெச்சிருக்கேன். தூக்கிப் போட மனசு வரல.”

5

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மாத்தளை டவுனுக்குப் போனோம், நானும் அனுஷாவும். அவள் ஏன் கூட வந்தாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவுமில்லை. தொலைபேசி திருத்தும் கடை ஒன்பதரைக்குத்தான் திறந்தது. கடைக்காரர் ஜவ்பர் நானா மூடியைக் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“தண்ணி நெறைய உள்ளுக்குப் போயீக்கி தங்கச்சி. நாளைக்கு வாங்களே, பாப்போம்.”

“நாளைக்கு ஏலாது நானா. இன்னிக்கு ஆறரைக்குள்ள வேணும்.”

“அப்படி என்ன ஈக்கி இதுக்குள்ள? கலியாண வீடியோவா?”

“ஒரு மனுசன்ட வேலை ஈக்கி நானா,” என்றேன், ‘இருக்கு’ என்பதற்கு அவர் சொல்லும் ‘ஈக்கி’ எனக்கும் ஒட்டிக்கொண்டு. அவர் சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த மற்ற இரண்டு தொலைபேசிகளை ஒதுக்கிவிட்டு விளக்கை இழுத்துக்கொண்டார்.

பத்தரைக்கு மின்சாரம் போனது. பன்னிரண்டுக்கு வந்தது. வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அனுஷா எனக்கொரு தேநீர் வாங்கிவந்து வைத்தாள். இரண்டு மணிக்குத் திரை ஒருமுறை ஒளிர்ந்து அணைந்தது. அந்த நேரமெல்லாம் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், அந்தத் தொலைபேசி செத்தே போகட்டும் என்றுதான். செத்துவிட்டால் நான் தேடிப் பார்த்தவளாகவும் இருப்பேன், கையெழுத்தும் இடலாம்.

நான்கு மணி கழிந்து நானா கூப்பிட்டார். “வேற பெட்டரி ஒண்டு போட்டு எழுப்பீக்கேன். எவ்வளவு நேரம் ஈக்கும்னு தெரியா. சுருக்கா எடுத்துக்கங்க.”

வீடியோவை அனுஷாவின் தொலைபேசிக்கு மாற்றிக்கொண்டு திரும்பினோம். ஐந்தரைக்கு வீடு. வெளி அறையில் கேட்டால் தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றப் போகும் லொறிகளின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, ஆளுக்கு ஒன்றாக இயர்ஃபோனைச் செருகிக்கொண்டோம்.

மணல், சாம்பல் நிற வானம், ஆடாமல் நிற்கும் கம்பம், உச்சியில் ஒரு செம்மஞ்சள் புள்ளியாக யென்ஸ். வானொலி கரகரத்தது. அவர் எண்ணைச் சொல்லத் தொடங்கும்போது அதன் குறுக்கே என் குரல், உரக்க, தமிழில். வீடியோவைப் பார்க்கப்போகும் செல்வியிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். பேசிச் சிரிக்கிறேன். நான் தவறாகக் கேட்டிருக்கலாம் என்று நினைத்திருந்தேன். நான் காதுகொடுத்துக் கேட்கவேயில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பிறகு யென்ஸின் குரல் இரண்டாம் முறை, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. அதற்கு என் ‘ஓகே’.

“இருநூற்று ஐம்பத்திரண்டு,” என்றாள் அனுஷா. “இன்னொருக்கா போடட்டா?”

மூன்று முறை போட்டாள். மூன்று முறையும் ஐம்பத்திரண்டு. இப்போது என் காதுக்கும் அது ஐம்பத்திரண்டாகவே கேட்டது. தெரிந்துகொண்ட பிறகு எல்லாம் தெளிவாகத்தான் கேட்கும்.

“கிர்ஸ்டனுக்கு எடுக்கப் போறேன்,” என்றேன்.

அவள் தொலைபேசியைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அப்படிச் செய்வாள் என்று நான் நினைக்கவேயில்லை. பள்ளிக்கூடத்தில் நேர்மை, உரிமை என்று எதற்கெடுத்தாலும் வாதாடுகிற பிள்ளை.

“எடுக்காதீங்கம்மா. இது நம்மகிட்ட மட்டும்தானே இருக்கு.”

“அந்த மனுசனுக்கு வேலை போயிரும் அனு.”

“ஒங்களுக்குப் போனா? ஒங்களத் திருப்பி அனுப்பிட்டா? எனக்கு அங்கதான் எல்லாம். நீங்க இங்க, நான் அங்கயா?” சொல்லும்போதே உதடு நடுங்கியது. மூன்று வயதில் முதன்முறையாகப் பாலர் பாடசாலையில் விட்டபோது இருந்த அதே உதடு. என்னைவிட்டு எங்கேயோ போய்விட்டாள் என்று நான் வருடக்கணக்காக நினைத்திருந்த பிள்ளை, என்னைக் கணக்கில் வைத்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

மணி ஆறு பத்து. ஒன்றும் ஆகாது என்று பொய் சொல்ல முடியாது. “அனுப்பிட்டாங்கன்னா அப்ப பாப்போம்,” என்றேன். “இப்ப நான் பேசாம இருந்தா, அதுக்கப்புறம் நான் அங்க இருந்தும் ஒண்ணுமில்ல. அந்த ஆள் மொகத்த நான் எப்படிப் பாக்குறது?”

அவள் தொலைபேசியை முன்னால் நீட்டினாள். “நான் பேசட்டா? நீங்க திக்குவீங்க.”

“திக்கினாலும் நான்தான் பேசணும்.”

கிர்ஸ்டன் உடனே எடுத்தார். நான் திக்கித்தான் சொன்னேன். எண்ணைச் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றேன். அனுஷா உதட்டை மட்டும் அசைத்துக் காட்டினாள். நான் சொன்னேன்.

“இந்தப் பதிவு வேறு யாரிடமாவது இருக்கிறதா?” என்று கேட்டார்.

“இல்லை.”

“யென்ஸுக்குத் தெரியுமா?”

“இன்னும் இல்லை.”

“அனுப்பி வை,” என்றார். வைத்துவிட்டார்.

6

வெள்ளிக்கிழமை காலை பால் பொங்கியது. செல்வி அழுதாள், வந்தவர்கள் குலவையிட்டார்கள். நான் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் தொலைபேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றும் பதில் இல்லை. சனிக்கிழமை இல்லை. ஞாயிறும் இல்லை. அந்த மூன்று நாளும் அனுஷா என்னை விட்டு நகரவில்லை. பக்கத்திலேயே இருந்தாள்.

திங்கட்கிழமை வந்த மின்னஞ்சலில் முதல் வசனம் அளவீட்டைப் பற்றியது. திசைகாட்டி இழுபட்டிருந்தால் பிசகு எவ்வளவு என்று தெரியாது. ஆனால் எண்ணைத் தவறாக எழுதியிருந்தால் பிசகு சரியாக இருபது. ஒரு வருடத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் இருபதைக் கழித்தார்கள். கலங்கரை விளக்கத்தோடு பொருந்திவிட்டது. அளவீடு பிழைத்தது. கிர்ஸ்டனுக்கே அது வியாழக்கிழமை தோன்றவில்லையாம், எனக்கும் தோன்றவில்லை. அதைத் தெரிந்துகொண்டு நான் பேசியிருந்தால் இன்றைக்குப் பெருமையாக எழுதியிருப்பேன்.

இரண்டாவது வசனம் எனக்கான எழுத்துமூல எச்சரிக்கை. ஆறு மாதம் களவேலை கிடையாது. எண்ணைத் திருப்பிச் சொல்லாதது முதல் குற்றம். வேலைநேரத்தில் வீடியோ எடுத்தது இரண்டாவது. ஆனால் வேலை போகவில்லை. நிரந்தர வதிவிடம் அதற்குப் பிறகும் பல மாதம் தாமதித்துத்தான் வந்தது. தாமதத்துக்குக் காரணம் இதுவல்ல, என் பெயரின் அந்த ஓர் எழுத்து.

யென்ஸ் திரும்பக் கம்பம் ஏறத் தொடங்கினார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “சரி” என்றார். அதற்குமேல் ஆறு மாதமும் வணக்கத்தோடு நின்றது. தேநீர் அறைக்கு நான் போனால் அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. மூன்று வாரம் கயிறு எண்ணியவர் அவர்.

போன செவ்வாய்க்கிழமைதான் எங்கள் இருவரையும் மறுபடி ஒன்றாக அனுப்பினார்கள். வடக்கே, இன்னொரு கடற்கரை. வாகனத்தில் ஒன்றரை மணி நேரம். இறங்கிப் பின்கதவைத் திறந்தபோது, முகத்தைப் பார்க்காமலே கேட்டார்:

“அந்த வீடியோவில் உன் மொழியில் என்ன சொல்லிக்கொண்டிருந்தாய்? நான் எண்ணைச் சொல்லும்போது.”

விசாரணையில் அவருக்கும் வீடியோவைப் போட்டுக் காட்டியிருந்தார்கள்; எவ்வளவு நாளாக அதை மனதில் வைத்திருந்தாரோ. மாற்றிச் சொல்லியிருக்கலாம்தான். அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

“தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்,” என்றேன். “உச்சியில் நிற்கிற அந்த ஆள் விழுந்தால், கீழே நின்று நான்தான் பிடிக்க வேண்டுமாம், நினைத்துப் பார் என்று.”

காற்று அவருடைய தொப்பியைத் தூக்கப் பார்த்தது. ஒரு கையால் அழுத்திக்கொண்டு கடலைப் பார்த்தார்.

“பிடிக்க மூன்று வாரம் எடுத்தாய்,” என்றார்.

பிறகு கருவிப் பெட்டியின் ஒரு பிடியைத் தான் பற்றிக்கொண்டு, மறுபிடியை என் பக்கம் திருப்பிவைத்தார். தூக்கினேன்.